கவருக்கு உத்தரவாதம் இல்லை

புதுச்சேரி, புஸ்ஸி வீதி முனையில் ஒரு டீக்கடை. காலை ஆறரை மணி. "நாலு டீ பார்சல்" என்றேன். மாஸ்டர் ஒரு கையால் கவரை உதறினார். கவர் வாயைத் திறந்தது. கொதிக்கிற டீ ஒரே வீச்சில் உள்ளே விழுந்தது. மறு கை கவரின் கழுத்தை முறுக்கியது. நூல் மூன்று சுற்று, ஓர் இழுப்பு. ஒரு சொட்டு சிந்தவில்லை.

"பிளாஸ்டிக்கைத்தான் தடை பண்ணிட்டாங்களே மாஸ்டர்?"

மேலும் கீழும் பார்த்தார். "சார், இது கவர் சார். பிளாஸ்டிக் வேற."

சிரித்துக்கொண்டே நடந்தேன். பாதி வழியில் சிரிப்பு நின்றுபோனது. மாஸ்டர் சொன்னதைத்தானே அரசாங்கமும் சொல்லிக்கொண்டிருக்கிறது? என்ன, அரசாங்கம் அதை அரசிதழில் சொல்கிறது. அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

தமிழில் கவர் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்றில் சாம்பார் வரும். இன்னொன்றில் காரியம் நடக்கும். இரண்டையும் சட்டம் தடை செய்திருக்கிறது. இரண்டும் சௌக்கியமாக இருக்கின்றன. இந்த ஊரில் கவர்னர்கள் மாறுவார்கள். கவர் மாறாது.

ஒரு பேச்சுக்கு, மாஸ்டர் தன் பார்சல் கவருக்குக் காப்புரிமை கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேட்கக் கூடாதா என்ன? மூன்று வினாடியில் ஒரு பாத்திரம், ஒரு மூடி, ஒரு கைப்பிடி மூன்றையும் செய்து காட்டுகிறவர் அவர். புதுச்சேரி மனு என்றால் சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்துக்குப் போகும். தனி ஆள் என்பதால் கட்டணம் 1,600 ரூபாய். பதினெட்டு மாதம் மனு உறங்கும். பிறகு அலுவலக இதழில் வெளியாகும். மனுவைப் போட்டுவிட்டால் பரிசோதித்துவிடுவார்கள் என்று நினைத்தால் நாம் வெகுளிகள். "என் மனுவைப் பரிசோதியுங்கள்" என்று இன்னொரு மனுப் போட வேண்டும். அதற்கு இன்னொரு கட்டணம்.

அதன் பிறகு ஒரு பரிசோதகர் மூன்று கேள்விகளோடு உட்காருவார். இது உலகில் எங்காவது ஏற்கெனவே இருந்ததா? துறை தெரிந்த ஒருவருக்குச் சட்டென்று தோன்றிவிடக்கூடியதா? தொழிலுக்குப் பயன்படுமா? மாஸ்டருக்கு என்ன அறிக்கை வரும் என்று நானே சொல்லிவிடுகிறேன். கவர் தெரிந்த பொருள். நூல் தெரிந்த பொருள். தெரிந்ததைத் தெரிந்ததோடு சேர்த்துக் கட்டுவது கண்டுபிடிப்பு ஆகாது. பார்க்க 3ஆம் பிரிவு, உட்பிரிவு (எஃப்). பதில் சொல்ல ஆறு மாதம் அவகாசம்.

பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு 2022இல் ஒரு கணக்குக் கொடுத்தது. அந்த ஆண்டு மார்ச் முடிவில் இந்தியக் காப்புரிமை அலுவலகத்தில் மொத்தம் 860 பேர். சீனாவில் 13,704. அமெரிக்காவில் 8,132. ஒரு மனுவை முடித்து வைக்கச் சீனாவில் சராசரி 20 மாதம், நம் நாட்டில் 58 மாதம். கிட்டத்தட்ட ஐந்து வருடம். ஒரு தேர்தலில் மனுப் போட்டால் அடுத்த தேர்தலில் பதில். அடுத்து வந்தது அதிசயம். 2023 மார்ச் நடுவிலிருந்து 2024 மார்ச் நடு வரைக்குள் ஒரு லட்சத்துக்கு மேல் காப்புரிமை வழங்கிவிட்டோம் என்று அமைச்சகம் அறிவித்தது. ஆண்டுக்கு 250 வேலை நாள் என்று வைத்தால் நாளொன்றுக்கு 400. ஆமை ஒரே வருடத்தில் முயலாகிவிட்டது. ஓட்டம் எப்படி இருந்தது என்று யாரும் சொல்லவில்லை. எண்ணிக்கையைச் சொன்னார்கள். நாம் கை தட்டினோம்.

கவருக்கா காப்புரிமை என்று சிரிக்காதீர்கள். கொடுத்திருக்கிறார்கள். சுவீடனில் நோர்ஷோப்பிங் என்ற ஊர். செல்லோபிளாஸ்ட் என்ற கம்பெனி. ஸ்டென் குஸ்டாஃப் துலின் என்ற பொறியாளர். தட்டையான பிளாஸ்டிக் குழாயை மடித்து, அடியையும் மேலையும் சூட்டில் ஒட்டி, மேலே ஒரு துண்டை வெட்டி எடுத்தார். வெட்டிய இடத்தின் இரு பக்கமும் காதுகளாக நின்றன. கடைக்காரர் இன்று நம் விரலில் மாட்டிவிடுகிற அதே பை. 1965 ஏப்ரல் 27இல் அமெரிக்கா அதற்குக் காப்புரிமை வழங்கியது. எண் 31,80,557. மரங்களை வெட்டிக் காகிதப் பை செய்வதைத் தடுக்கத்தான் அப்பா இதைச் செய்தார் என்று அவருடைய மகன் பிற்காலத்தில் சொன்னார். அப்பா எப்போதும் ஒரு பையை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பாராம். திரும்பத் திரும்பப் பயன்படுத்தத்தான். பையைக் கண்டுபிடித்த மனிதர் அதை எறியவில்லை. எறியும் கலையைக் கண்டுபிடித்தது நாம். அதற்கு நாம் காப்புரிமை கேட்கவில்லை. அவ்வளவு பெருந்தன்மை.

அந்தக் காப்புரிமையை மோபில் என்ற எண்ணெய் நிறுவனம் எதிர்த்தது. 1977இல் உடைத்தது. எண்ணெய்க் கம்பெனிக்குப் பையின் மேல் என்ன பாசம்? பெற்ற பாசம்தான். பிளாஸ்டிக் பை பெட்ரோலியத்தின் பேரப்பிள்ளை. காப்புரிமை என்ற மதகு உடைந்ததும் வெள்ளம் புகுந்தது. 1982இல் அமெரிக்காவின் பெரிய பேரங்காடிகள் பிளாஸ்டிக் பைக்கு மாறின. பிறகு உலகமே மாறியது. பெரிய பெரிய வழக்கறிஞர்கள் அந்தப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சோதித்தார்கள். காது புதிதா, மடிப்பு புதிதா, ஒட்டு புதிதா என்று ஆராய்ந்தார்கள். இது எங்கே போகும் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் யாருக்கும் ஃபீஸ் கிடையாது.

இங்கே நம் ஊருக்கு உரிமையான ஒரு பிரெஞ்சுக் கதையைச் சொல்ல வேண்டும். பிரான்சில் 1844 ஜூலை 5ஆம் தேதி ஒரு காப்புரிமைச் சட்டம் வந்தது. அதன்படி அரசு எதையும் முன்கூட்டிப் பரிசோதிக்காது. மனுப் போட்டால் காப்புரிமை. லாப நட்டம் உன் பாடு. அதோடு ஒரு நிபந்தனை. பொருளின் மேல் "காப்புரிமை பெற்றது" என்று போட்டுக்கொண்டால் பக்கத்திலேயே "அரசாங்க உத்தரவாதம் இல்லை" என்றும் போட வேண்டும். போடாவிட்டால் ஐம்பது முதல் ஆயிரம் பிராங்க் வரை அபராதம். சுருக்கமாக நான்கு எழுத்து: எஸ்.ழே.தே.ழே. பழைய பிரெஞ்சுச் சாமான்களில் இன்றும் பார்க்கலாம். 1968இல் புதிய சட்டம் வரும்வரை இதுதான் நடந்தது. 1954 நவம்பர் 1இல் பிரெஞ்சுக்காரன் இந்த ஊரின் நிர்வாகத்தை ஒப்படைத்தபோதும், 1962இல் ஒப்பந்தம் முறைப்படி நிறைவேறியபோதும் அவன் நாட்டில் அந்த நான்கு எழுத்து உயிரோடு இருந்தது. நமக்குப் போலீசின் சிவப்புத் தொப்பி விட்டுப்போனான். நீலத் தெருப்பலகை விட்டுப்போனான். நீள ரொட்டி விட்டுப்போனான். அந்த நான்கு எழுத்தை மட்டும் கையோடு எடுத்துப் போய்விட்டான். நமக்கு அவசியமாக வேண்டியிருந்தது அதுதான்.

ஏன் வேண்டும் என்கிறீர்களா? 1970ஆம் ஆண்டின் நம் காப்புரிமைச் சட்டத்தைப் பிரியுங்கள். 13ஆம் பிரிவு, 4ஆம் உட்பிரிவு. சாரம் இது: பரிசோதனை நடந்துவிட்டது என்பதற்காகக் காப்புரிமை செல்லுபடியாகும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது, அந்தப் பரிசோதனைக்காக மத்திய அரசுக்கோ அதிகாரிக்கோ எந்தப் பொறுப்பும் இல்லை. பிரெஞ்சுக்காரன் பரிசோதிக்கவில்லை, அதைப் பொருளின் நெற்றியில் எழுதினான். நாம் ஐந்து வருடம் பரிசோதிக்கிறோம். பிறகு அதே வாசகத்தைச் சட்டப் புத்தகத்தின் இடுப்பில் செருகி வைக்கிறோம். பொருளின் நெற்றியில் "பேட்டன்டட்" மட்டும் பளபளக்கிறது.

விளையாட்டாகச் சொல்லவில்லை. உத்தரப் பிரதேசம் மிர்சாப்பூரில் ஒரு பாத்திரக் கம்பெனி, பாத்திரத்தைக் கடைசல் இயந்திரத்தில் பிடித்துக் கடையும் முறைக்கு 1951 தேதியிட்ட காப்புரிமை வாங்கியது. போட்டிக்காரர் மேல் வழக்குப் போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை ஏறியது. 1978இல் தீர்ப்பு: இதில் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை, பட்டறையில் எந்தத் தொழிலாளியும் செய்யக்கூடிய திருத்தம்தான். காப்புரிமை வழங்கப்பட்டதாலேயே அது செல்லும் என்ற உத்தரவாதம் கிடையாது என்பதையும் நீதிமன்றம் எடுத்துச் சொன்னது. 27 வருடம். காப்புரிமையின் ஆயுளே அதைவிடக் குறைவு. செத்தவனுக்கு ஜாதகம் பார்த்து, பிறந்த நேரமே சரியில்லை என்றார்கள்.

இந்தச் சட்டங்களை எல்லாம் என்னைப் படிக்க வைத்தது ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். போன வருடம் எங்கள் தெரு முனையில் கட்டியிருந்தார்கள். கல்லூரியின் பெயர் வேண்டாம். இருபதடி நீளம். பேராசிரியர் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு புன்னகைக்கிறார். "பிளாஸ்டிக் பைக்கு மாற்று! எங்கள் பேராசிரியருக்குப் பேட்டன்ட்!" கீழே தாளாளர் படம், பேராசிரியரை விடப் பெரிதாக. இன்னும் கீழே, எறும்பு அளவு எழுத்தில் ஒரு சொல்: பப்ளிஷ்டு.

பப்ளிஷ்டு என்றால் என்ன? மனுப் போட்டாயிற்று, பதினெட்டு மாதம் ஓடிற்று, இதழில் அச்சாகிவிட்டது. அவ்வளவுதான். பரிசோதகர் அதைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க வேண்டியதில்லை. காசு கட்டினால் பதினெட்டு மாதமும் காத்திருக்க வேண்டாம். கல்யாணப் பத்திரிகை அச்சடித்ததற்கு வளைகாப்பு நடத்துகிற மாதிரி. ஆனால் கல்லூரிகளைத் தரவரிசைப்படுத்தும் தேசியப் பட்டியலில் வெளியான மனுவுக்கும் மதிப்பெண் உண்டு, வழங்கப்பட்ட காப்புரிமைக்கும் உண்டு. 2021இல் கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணத்தில் 80 சதவீதம் தள்ளுபடியும் வந்தது. ஆடித் தள்ளுபடியில்கூட இவ்வளவு கிடையாது. விளைச்சலைப் பற்றிக் கேட்கவா வேண்டும்?

அந்த பேனர் எதனால் ஆனது என்று சொன்னேனா? பி.வி.சி. பிளாஸ்டிக் ஒழிப்பை இருபதடிப் பிளாஸ்டிக்கில் கொண்டாடினார்கள். 100 மைக்ரானுக்குக் குறைந்த பி.வி.சி. பேனர் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. கட்டியவர்கள் அளந்தார்களா? ஒரு வாரம் கழித்து அந்த பேனர் பக்கத்து இளநீர்க் கடைக்குக் கூரையானது. பேராசிரியர் தலைகீழாகப் புன்னகைத்தார். அந்தக் கண்டுபிடிப்பால் நாட்டுக்குக் கிடைத்த பயன் அந்த நிழல்தான்.

சட்டத்தில் சரியான கேள்வியே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இருக்கிறது. அதே 3ஆம் பிரிவு, உட்பிரிவு (பி). மனிதருக்கும் விலங்குக்கும் செடிகொடிக்கும் சுற்றுச்சூழலுக்கும் கடும் கேடு விளைவிக்கும் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கிடையாது. எவ்வளவு அழகான வாக்கியம். பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் குப்பையை மேயும் மாட்டைக் கிண்டிக்கு ஓட்டிப் போய், அதன் வயிற்றை மேஜை மேல் வைத்தால் அந்த வாக்கியத்துக்கு விளக்கவுரை கிடைத்துவிடும். மாட்டுக்கு மனுப் போடத் தெரியாது. போட்டாலும் பரிசோதிக்கச் சொல்லி இன்னொரு மனு வேண்டும்.

சரி, காப்புரிமை அலுவலகத்தின் வேலை புதுமையைப் பார்ப்பது. கேட்டைப் பார்க்கத் தனித் துறைகள், தனி விதிகள் இருக்கின்றனவே? இதோ, அரசிதழ்க் கதைக்கு வந்துவிட்டேன். 1999இல் முதல் விதி: கைப்பை 20 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. 2011இல் 40. 2016இல் 50. 2021 செப்டம்பர் 30 முதல் 75. 2022 டிசம்பர் 31 முதல் 120. 23 வருடத்தில் பை ஒழியவில்லை. ஆறு மடங்கு கொழுத்திருக்கிறது. கனமான பையை மக்கள் தூக்கி எறிய மாட்டார்கள், எறிந்தாலும் பொறுக்குகிறவருக்கு எடை கிடைக்கும் என்பது வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அளப்பது யார்? கத்தரிக்காய் விற்கிற ஆயாவின் தராசுக்குப் பக்கத்தில் திருகு அளவி இருக்கிறதா? அபராதம் போட வருகிறவர் கையிலாவது இருக்கிறதா? ஆயாவுக்கு ரசீது. கவர் செய்யும் ஆலைக்கு அவகாசம். இதுதான் சமூக நீதி.

அடுத்தது, ஜவுளிக் கடையில் சிரித்துக்கொண்டே தருகிற "துணிப்பை". தொட்டால் துணி மாதிரி இருக்கும். நெய்யாத துணி என்பார்கள். பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். நெய்யவில்லை என்பது உண்மை, துணி என்பது பொய். விதி இதையும் பிளாஸ்டிக் என்றே சொல்கிறது. ஆனால் இதற்கு மைக்ரான் கணக்கு இல்லை, வேறு கணக்கு: சதுர மீட்டருக்கு 60 கிராம் இருந்தால் போதும். ஒரே குடும்பம், இரண்டு ரேஷன் கார்டு.

உச்சம் இனிமேல்தான். சிப்ஸ், ஷாம்பு வருகிற பளபள உறைகள். 2016 மார்ச் விதி, மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்கு உறைகளை இரண்டு வருடத்துக்குள் படிப்படியாக நிறுத்தச் சொன்னது. இரண்டு வருடம் முடிந்தது 2018 மார்ச்சில். அதே மார்ச்சில் திருத்தம் வந்தது. மறுசுழற்சிக்கும் உதவாதது, எரித்து ஆற்றல் எடுக்கவும் உதவாதது, மாற்றுப் பயன் எதுவுமே இல்லாதது, அதை மட்டும் நிறுத்தினால் போதுமாம். மாற்றுப் பயன் இல்லாத பொருள் உலகில் எது? சிப்ஸ் உறையில் ஆணி அடித்துச் சுவரில் மாட்டினால் அலங்காரம். அதே திருத்தத்தில், பை தரும் கடைக்காரர்கள் உள்ளாட்சியில் பதிந்து வருடம் 48,000 ரூபாய் கட்ட வேண்டும் என்ற பழைய விதியும் காணாமல் போனது. இவ்வளவு நேர்த்தியாகச் செய்யப்பட்ட ஓட்டைக்குத்தான் உண்மையில் காப்புரிமை கொடுக்க வேண்டும். புதுமை உண்டு. துறை தெரிந்தவருக்கும் சட்டென்று தோன்றாது. தொழிலுக்குப் பயன்படுகிறது. மூன்று கேள்வியிலும் பாஸ்.

இப்போது சொல்லுங்கள், டீ மாஸ்டர் என்ன தப்பாகச் சொன்னார்? 120 மைக்ரான் என்றால் பிளாஸ்டிக் இல்லை. துணி மாதிரி இருந்தால் பிளாஸ்டிக் இல்லை. மாற்றுப் பயன் இருந்தால் பிளாஸ்டிக் இல்லை. "இது கவர் சார், பிளாஸ்டிக் வேற." ஐந்து சொல்லில் முடித்த மனிதரை அரசிதழ் அச்சகத்தில் உட்கார வைத்திருந்தால் காகிதமாவது மிஞ்சியிருக்கும். புதுச்சேரி தன் பங்குக்கு 2019இல் தனியாக ஒரு தடை போட்டது. தடை இருக்கிறது. கவரும் இருக்கிறது. ஒன்றையொன்று தொந்தரவு செய்துகொள்வதில்லை. இதற்குப் பெயர் சமரச சகவாழ்வு.

2024 நவம்பர் கடைசி நாள் ஃபெஞ்சல் புயல் இந்த ஊரின் மேல் வந்து நின்றது. ஒரு நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ராணுவம் படகோடு வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு வேலிக் கம்பியிலும் முருங்கைக் கிளையிலும் கவர் கவராகத் தொங்கியது. காற்று அடித்தபோது தோரணம் போல ஆடியது. எல்லா நிறமும் இருந்தது. எல்லா மைக்ரானும் இருந்தது. தண்ணீருக்கு அளக்கத் தெரியாது.

அடுத்த சில நாளில் பெரிய வாய்க்கால் ஓரமாக நடந்தேன். வெள்ளையர் நகரையும் தமிழர் நகரையும் பிரெஞ்சுக்காரன் பிரித்த வாய்க்கால். ஒரு பெண்மணி உள்ளே இறங்கி நின்று சேற்றிலிருந்து கவர்களை உருவிக்கொண்டிருந்தார். கையுறை இல்லை. ஒவ்வொன்றையும் உதறினார். கசக்கிக் காதருகே கொண்டுபோனார். சத்தம் கேட்டார். விரலால் நீவிப் பார்த்தார். ஒன்றை இடப் பக்கச் சாக்கில் போட்டார், ஒன்றை வலப் பக்கம் எறிந்தார். ஒன்றுக்கு இரண்டு வினாடி. கிண்டியில் 58 மாதம்.

"சத்தத்துலயே தெரியுமா?"

"தெரியும் சார். பால் கவர் மெத்துனு இருக்கும், எடைக்குப் போகும். கரகரன்னு கத்துனா எடுக்க மாட்டான்."

1844இலிருந்து இன்று வரை நடந்த எல்லாப் பரிசோதனையையும்விட முழுமையான பரிசோதனை அது. பையை உண்மையாகவே கையில் எடுத்துத் திறந்து, மோந்து, கேட்டு, தீர்ப்புச் சொல்கிற அதிகாரி இந்த நாட்டில் அவர் ஒருவர்தான். அவருக்கு நாற்காலி இல்லை. 13(4) பாதுகாப்பும் இல்லை. கண்ணாடித் துண்டு குத்தினால் பொறுப்பு அவருடையது.

அடுத்து அவர் கையில் வந்தது ஒரு சின்னக் கவர். கழுத்தில் நூல் அப்படியே இருந்தது. மூன்று சுற்று. உள்ளே சேறு கலந்த கொஞ்சம் டீ. அதையும் கசக்கிப் பார்த்தார். காதில் வைத்தார். எந்தச் சாக்கிலும் போடவில்லை. எந்த நிபுணரும் கேட்காத கேள்விக்கான பதிலை ஒரே வரியில் சொல்லிவிட்டு, வலப் பக்கம் எறிந்தார்.

"இது போகாதுங்க."